வரைபடத்துக்கும் மூலப்பத்திரம் வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



"ஜி.ஐ.எஸ். பற்றி அரை மணி நேரம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னபோது பக்கத்தில் இருந்த நண்பர், "நம்ம பூட்டுக்குக் கிடைச்சுதே, அதுதானே?" என்று கேட்டார். அவர் சொன்னது புவிசார் குறியீடு. அது 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. அதற்கு முன்பே சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் நான் பேச வந்தது ஓர் எழுத்து கூடுதலான சமாசாரம். புவியியல் தகவல் முறைமை. கம்ப்யூட்டரில் வரைபடத்தை அடுக்கடுக்காக வைத்து, ரோடு ஓர் அடுக்கு, கிணறு ஓர் அடுக்கு, ஊர் எல்லை ஓர் அடுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிற வேலை. அதிலும் அந்த வரைபடத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. வரைபடத்தோடு கூடவே வந்திருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் வராமல் போகிற ஒரு காகிதத்தைப் பற்றித்தான் பேச்சு. இங்கிலீஷில் அதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். கலைச்சொல் அகராதிக்காரர்கள் மீத்தரவு என்கிறார்கள். நான் விவரச்சீட்டு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், உங்களுக்கும் எனக்கும் சௌகரியம்.

நேராக நம் ஊர் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. சட்டம் படித்தவர்களுக்கு அது மனப்பாடமாகவே தெரியும். மாசு செய்தவனே அதற்கான செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லைப் பற்றி ஒரு வாசகம் வருகிறது. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், இரண்டு ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன என்கிறது. நாலில் மூன்று கிணறு! குடிதண்ணீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடந்தார்கள் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. இங்கே இருக்கிற எத்தனையோ பேருக்கு இது பேப்பரில் படித்த சங்கதி இல்லை; வீட்டுக் கிணற்றுச் சங்கதி.

இப்போது நம் மாணவர் ஒருவர் அந்த 467 கிணறுகளையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்ட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. நல்ல ஆசை. முதல் கேள்வி, எந்த ஒன்றியம்? நான் படித்த பிரதியில் "திண்டிகல்" என்றும் "பெட்டியார் சத்திரம்" என்றும் அச்சாகியிருக்கிறது. நமக்கு உடனே தெரிந்துவிடும், அது ரெட்டியார்சத்திரம்தான் என்று. டில்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து தேடுகிற ஒருவர் ஆயுசுக்கும் தேடுவார். பெட்டியார் சத்திரம் என்று ஓர் ஊர் அகப்படவே அகப்படாது. ஒரு எழுத்து மாறியதில் ஓர் ஒன்றியமே காணாமல் போய்விடுகிறது.

அடுத்த கேள்வி, எந்த மாதம் அளந்தது? நம் பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை. சித்திரையில் எடுத்த தண்ணீரும் மார்கழியில் எடுத்த தண்ணீரும் ஒரே கிணற்றில் இரண்டு தண்ணீர். அடுத்தது, கெட்டுப்போனது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? உப்பா, குரோமியமா, குடித்துப் பார்த்து முகம் சுளித்ததா? எந்த வருஷத்து அளவுகோல்? இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 1991-ல் ஒரு மாதிரி இருந்தது, 2012-ல் திருத்தினார்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 100 வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்றது பழைய விதி. புதிய விதியில் அந்தச் சலுகை எடுபட்டுவிட்டது. நைட்ரேட் 80 உள்ள ஒரு கிணறு பழைய கணக்கில் எப்படியோ தப்பிக்கும், புதிய கணக்கில் தப்பிக்காது. கிணறும் அதே, தண்ணீரும் அதே, வரைபடத்தில் நிறம் மட்டும் பச்சையிலிருந்து சிவப்பாகிவிடும். விவரச்சீட்டு இல்லை என்றால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "பத்து வருஷத்தில் தண்ணீர் கெட்டுப்போச்சு" என்றுதான்.

யூனிட்டும் அப்படித்தான். அட்டவணையில் உப்பு என்று ஒரு பத்தி, அதில் 3000 என்று ஓர் எண். அது லிட்டருக்கு மில்லிகிராமாக இருந்தால் குடிநீருக்கு அனுமதித்த மேல் எல்லையான 2000-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் நிறையப் பேர் களத்தில் அளப்பது மின்கடத்துத் திறனை; அதன் அலகு மைக்ரோசீமன்ஸ். அதை உப்பாக மாற்ற ஏறக்குறைய 0.64-ஆல் பெருக்குவார்கள். 3000 மைக்ரோசீமன்ஸ் என்றால் 1920 மில்லிகிராம். எல்லைக்கு உள்ளே! ஒரே எண், ஒரு பக்கம் பாஸ், ஒரு பக்கம் ஃபெயில். அந்தப் பத்தியின் தலையில் யூனிட்டை எழுத ஒரு நிமிஷம் கூட ஆகாது.

இதெல்லாம் படிப்பாளிகளின் நுணுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே தீர்ப்பு, பாதிக்கப்பட்ட குடும்பங்களை அடையாளம் கண்டு நட்டஈடு நிர்ணயிக்க ஓர் அதிகார அமைப்பை உண்டாக்கச் சொன்னது. எந்த நிலம், எந்தக் கிணறு, எந்தக் காலத்தில், எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிற விவசாயிக்குத்தான் பேச வாய் இருக்கும். "எங்க கிணறும் கெட்டுப்போச்சு சாமி" என்று மட்டும் சொல்கிறவருக்கு என்ன கிடைக்கும்?

சரி, இந்த விவரச்சீட்டில் என்னதான் இருக்கும்? பெரிய சர்வதேச ஆவணங்களைப் புரட்ட வேண்டாம். ஒரு நிலம் வாங்கப் போனால் நம் ஊர் வக்கீல் என்ன கேட்பார் என்று யோசியுங்கள். முதலில் மூலப்பத்திரம் கேட்பார். இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அவருக்கு எப்படி வந்தது? வரைபடத்துக்கும் அதுவேதான்: இந்தக் கோடு எந்த டோபோஷீட்டிலிருந்து எடுத்தது, எந்த சாட்டிலைட் படத்திலிருந்து எடுத்தது, நடுவில் யார் யார் கை வைத்தார்கள். பிறகு நான்கெல்லை. அப்புறம் வில்லங்கச் சான்று: இதை யார் பயன்படுத்தலாம், விற்கலாமா, அச்சிடலாமா. அளவு எவ்வளவு, எந்த அளவில், ஏக்கரா ஹெக்டேரா. இதெல்லாம் இல்லாமல் "இதோ நிலம், பணத்தைக் கொடு" என்றால் நம் ஜனங்கள் ஒரு சென்ட் வாங்குவார்களா? ஆனால் வரைபடத்தை மட்டும் பென் டிரைவில் வாங்கி அப்படியே நம்பிவிடுகிறோம். கலர் கலராக இருக்கிறதே!

இனி நான் சொல்லப்போவது திண்டுக்கல்லுக்கென்றே அமைந்த ஒரு வேடிக்கை. இதைச் சொல்லத்தான் நான் வந்ததே.

பூமி உருண்டை, காகிதம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்கி மீட்டரில் அளக்க, உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக 60 செங்குத்துப் பட்டைகளாக வெட்டியிருக்கிறார்கள். யு.டி.எம். மண்டலம் என்பார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் தனிக் கணக்கு. 43-ஆம் பட்டை 72 டிகிரி கிழக்கிலிருந்து 78 டிகிரி வரை. 44-ஆம் பட்டை 78-லிருந்து 84 வரை. இந்த 78 டிகிரிக் கோடு எங்கே போகிறது தெரியுமா? நம் மலைக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் நாலு கிலோமீட்டரில் போகிறது. டவுனைத் தாண்டி, தெற்கே சிறுமலை மேல் ஏறி இறங்கிப் போகிறது. திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனி, கொடைக்கானல், வத்தலக்குண்டு எல்லாம் 43. வடமதுரை, அய்யலூர், நத்தம் எல்லாம் 44. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், இரண்டு பட்டை. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோஷீட்டிலும் அதே கோட்டில்தான் தாள் முடிகிறது. டவுன் இருப்பது 58 எஃப்-இல் 15-ஆம் தாள். கோட்டைத் தாண்டினால் 58 ஜே-யில் 3-ஆம் தாள்.

இதனால் என்ன வரும்? அந்தக் கோட்டின் மேல் நிற்கிற ஒரு புளியமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 43-ஆம் பட்டைக் கணக்கில் அதன் கிழக்களவு ஏறக்குறைய 8 லட்சத்து 28 ஆயிரம் மீட்டர். 44-ஆம் பட்டைக் கணக்கில் அதே மரத்துக்கு 1 லட்சத்து 71 ஆயிரம் மீட்டர். இரண்டும் சரி! எந்தப் பட்டை என்ற சீட்டு கூட இருந்தால் இரண்டும் ஒரே மரத்தைக் காட்டும். சீட்டு தொலைந்துவிட்டது, நத்தம் பகுதிக் கிணறுகளின் 44-ஆம் பட்டைக் கணக்கை 43 என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம் என்றால், நத்தம் அப்படியே ஆறு டிகிரி மேற்கே நகரும். அறுநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில், லட்சத்தீவில் கவரத்திக்குத் தென்மேற்கே போய் மிதக்கும். திருப்பிச் செய்தால் நம் மலைக்கோட்டை வங்காள விரிகுடாவில் முங்கிவிடும்.

கடலில் விழுந்தால் கூட நல்லது என்பேன். உடனே தெரிந்துவிடும், சிரித்துவிட்டுச் சரி பண்ணிவிடலாம். மோசமானது கொஞ்சமாக நகர்வதுதான். நம் பழைய டோபோஷீட்டுகள் எல்லாம், ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் கணக்குப் போட்ட பூமி உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜி.பி.எஸ். கருவி எடுத்துக்கொள்வது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் உருவத்தை. இரண்டின் பூமத்தியரேகை ஆரத்திலேயே சுமார் 860 மீட்டர் வித்தியாசம். பூமியின் மையத்தையே இரண்டும் வேறு வேறு இடத்தில் வைக்கின்றன. இதைக் கவனிக்காமல் பழைய தாளின் அட்சரேகை தீர்க்கரேகையையும் புது கருவியின் எண்ணையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால், நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். நூறு மீட்டர் என்பது கடலில் விழுகிற தூரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் விழுகிற தூரம். கண்ணுக்குத் தெரியாது. கிணறு தொழிற்சாலைக்கு மேற்கே இருந்தது கிழக்கே இருப்பதாகத் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற முடிவே மாறிப்போகும். 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கிலேயே, யு.டி.எம். முறையில் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நம் அலமாரியில் இருக்கிற பழைய தாளும் புதிய தாளும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஓரத்தில் இருக்கிற சின்ன எழுத்தைப் படிக்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஸ்கேன் எடுக்கும்போது முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான். "சார், படம் மட்டும் வந்தா போதும்ல?" என்று கேட்டுக்கொண்டே வெட்டுவார்கள்.

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்து நாகரிகம் என்று எண்ண வேண்டாம். ஜேம்ஸ் ரென்னல் என்ற சர்வேயர் இந்துஸ்தானத்துக்கு ஒரு வரைபடம் போட்டு, அதோடு 1783-ல் ஒரு புத்தகமும் எழுதினார். புத்தகத்தின் வேலையே, வரைபடத்தில் எந்தப் பகுதி யாருடைய அளவிலிருந்து வந்தது, எது நேரில் அளந்தது, எது படை நடந்த வழிக்குறிப்பிலிருந்து எடுத்தது என்று சொல்வதுதான். சென்னை ராஜதானியில் காலின் மெக்கன்சியின் வழிவந்த சர்வேயர்கள் வரைபடத்தோடு கூட ஒரு விவரக்குறிப்பும் எழுதித்தருவது வழக்கம். நமக்கு நெருக்கமானவர் லெப்டினன்ட் வார்டு. 1821-ல் பழனி மலையில் ஏறி அளந்தவர். கொடைக்கானல் சரித்திரம் பேசுகிறவர்கள் அவர் பெயரை விடமாட்டார்கள். அவர் வரைபடம் மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை, மதுரை, திண்டுக்கல் சீமைகளைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பும் எழுதிவைத்தார். இருநூறு வருஷம் கழித்து இன்றைக்கு அந்த வேலையை நாம் நம்பிப் பயன்படுத்த முடிவதற்கு அந்தக் குறிப்பு ஒரு பெரிய காரணம். குதிரையிலும் கால்நடையாகவும் போய் அளந்த மனிதருக்கு உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. ஏசி அறையில் இருக்கிற நமக்கு நேரம் இல்லை!

வருவாய்த்துறை நண்பர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்கு எஃப்.எம்.பி. தெரியும், அதாவது புலப்படம். என் கருத்தில் அது ஒரு நல்ல ஆவணம். சர்வே எண், அளவுத்திட்டம், ஜி லைன், அதிலிருந்து பக்க அளவுகள் எல்லாம் எண்ணாகவே எழுதியிருக்கும். படம் கோணலாக இருந்தாலும் எண்ணை வைத்துத் திரும்ப வரைந்துவிடலாம். ஆனால் அந்த எண் எந்த அளவில்? பழைய படத்தில் லிங்க். ஒரு கன்டர் செயின் 66 அடி, அதில் 100 லிங்க், ஒரு லிங்க் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பிற்பாடு மீட்டருக்கு வந்தார்கள்; பட்டாவிலும் ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர்ஸ் வந்தது. 150 என்று எழுதியிருக்கிற ஒரு பக்கம் லிங்க் கணக்கில் 30 மீட்டர், மீட்டர் கணக்கில் 150 மீட்டர். நில அளவர் ஐயா ஒருவர் இதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பார்வை கிடையாது. சொன்னால்தான் தெரியும்.

தேதியைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் பொதுமக்களுக்கு விட்டது. அதற்கு முன்னால் கையடக்கக் கருவியில் எடுத்த புள்ளி நூறு மீட்டர் வரைக்கும் தள்ளி விழலாம். பிறகு அந்தப் பிழை எடுக்கப்பட்டது. ஆகவே 1998-ல் எடுத்த கிணற்றுப் புள்ளியையும் 2008-ல் எடுத்த கிணற்றுப் புள்ளியையும் சமமாக நடத்தக்கூடாது. எடுத்த தேதி மட்டும் எழுதியிருந்தால் போதும், தெரிந்தவர் மீதியை ஊகித்துக்கொள்வார். அதே மாதிரி வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் குடகனாறு அணை. 1977 வெள்ளத்தில் உடைந்து, பிறகு திரும்பக் கட்டினார்கள். அணை இல்லாத ஒரு பழைய தாளை இன்றைய நிலவரம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் ஒரு நீர்த்தேக்கமே மறைந்துவிடும். கண்மாய்களும் அப்படியே. தாளில் நீல நிறத்தில் ததும்பும். நேரில் போனால் சீமைக்கருவேலமும் கிரிக்கெட் ஆடுகிற பையன்களும் இருப்பார்கள்.

பெயர் இன்னொரு தலைவலி. 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்த நம் மாவட்டம் அண்ணா பெயரில் இருந்திருக்கிறது, காயிதே மில்லத் பெயரில் இருந்திருக்கிறது, மன்னர் திருமலை பெயரிலும் இருந்திருக்கிறது. 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரை எடுத்தபோதுதான் வெறும் திண்டுக்கல் ஆயிற்று. நான் முதலில் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் திண்டுக்கல் அண்ணா என்றுதான் இருக்கும். டவுன் 2014 வரைக்கும் நகராட்சி, பிறகு மாநகராட்சி. 2001 மக்கள்தொகைக் கணக்கில் கிராமத்துக்குக் கொடுத்த எண் வேறு, 2011-ல் கொடுத்த எண் வேறு. இரண்டு அட்டவணையையும் எண்ணை வைத்து ஒட்டினால் ஒரு ஊர்க்காரர்கள் இன்னொரு ஊரில் போய்க் குடியேறிவிடுவார்கள்!

இதைவிடக் கொடுமை எழுத்துரு. தமிழில் கிராமப் பெயர்களை எல்லாம் சிரத்தையாக ஒருவர் டைப் அடித்து வைத்திருப்பார். வானவில்லில் அடித்ததா, டாம் முறையா, டாப் முறையா என்று எழுதிவைத்திருக்க மாட்டார். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முந்தைய கோப்புகளை இன்று திறந்தால் திண்டுக்கல் இருக்க வேண்டிய இடத்தில் டாலர் குறியும் வாலும் கொம்பும் தெரியும். என்னிடம் ஒரு முறை ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு சிடி வந்தது. ஒரு தாலுகாவின் அத்தனை குக்கிராமங்களும் அதில் இருந்தன. யார் டைப் அடித்தது என்று கேட்டால், "அவர் ரிடையராகிப் போயிட்டாருங்க" என்றார்கள். எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த மனிதர் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

விதிமுறைகளே இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றன. அமெரிக்காவில் 1994-ல் ஜனாதிபதி உத்தரவே போட்டு மத்திய அரசுத் துறைகள் விவரச்சீட்டு எழுத வேண்டும் என்றார்கள். 2003-ல் ஐ.எஸ்.ஓ. 19115 என்ற சர்வதேசத் தரம் வந்தது, 2014-ல் அதைப் புதுப்பித்தார்கள். நம் நாட்டில் தேசிய இடஞ்சார் தரவுக் கட்டமைப்புக்கு 2006-ல் அரசு ஒப்புதல் கிடைத்தது. அவர்களும் ஒரு தரம் வகுத்திருக்கிறார்கள். 2021-ல் வரைபடம் எடுப்பதற்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு பெரிதும் தளர்த்தியது, 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கையும் வந்தது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் தரவு சேகரிக்கலாம். அதனால்தான் கவலையும் கூடியிருக்கிறது; சேகரிக்கிற கை பெருகிவிட்டது, எழுதிவைக்கிற கை பெருகவில்லை.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. இந்தத் தரங்கள் எல்லாம் ரொம்ப நீளம். நூற்றுக்கணக்கான கட்டங்கள். நிரப்ப உட்காருகிற பையன் பத்தாவது கட்டத்தில் சலித்துப்போய் மீதி எல்லாவற்றிலும் "பொருந்தாது" என்று போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறான். அதைவிட, யார் எடுத்தது, எப்போது, எந்தக் கருவி, எந்தப் பட்டை, எந்த பூமிக் கணக்கு, எந்த யூனிட், எதற்காக எடுத்தது, எதற்குப் பயன்படாது என்று ஒரே பக்கத்தில் தமிழிலேயே எழுதிவைத்தால் போதும். கடைசியாகச் சொன்னேனே, எதற்குப் பயன்படாது என்று, அதை யாருமே எழுதுவதில்லை; எழுதினால் கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்கள். 1:50,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் 50 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனே இருபது இருபத்தைந்து மீட்டர் வந்துவிடும். அதிலிருந்து எடுத்த ஓடைக் கோட்டைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "ஓடை உன் பட்டாவுக்குள்ளதான் போகுது" என்று வரப்புத் தகராறு பண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். "இது வரப்புச் சண்டைக்கு உதவாது" என்று அந்தக் கோப்பிலேயே ஒரு வரி இருந்திருந்தால் ஒரு கேஸ் குறைந்திருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேப் ஃபைல் என்று நீங்கள் வைத்திருப்பது ஒரு கோப்பு அல்ல, ஒரு குடும்பம். அதில் பி.ஆர்.ஜே. என்று ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். பட்டையும் பூமிக் கணக்கும் அதில்தான். சி.பி.ஜி. என்று இன்னொன்று, அதில் எழுத்துமுறை. நண்பனுக்கு அனுப்பும்போது இந்தக் குட்டிகளை விட்டுவிட்டுத் தாயை மட்டும் அனுப்பாதீர்கள். அட்டவணையில் பத்தித் தலைப்புக்குப் பத்து எழுத்துதான் இடம் தரும். ஆகவே "டிபி1", "டிபி2" என்றெல்லாம் சுருக்கி வைப்பீர்கள். அதற்கு விரிவு என்ன என்று தனித்தாளில் எழுதுங்கள். கிணற்று ஆழம் தரைமட்டத்திலிருந்தா, கைப்பிடிச் சுவரிலிருந்தா? அடியா, மீட்டரா? அன்றைக்கே, கிணற்றடியில் நின்றபடியே எழுதுங்கள். ஹாஸ்டலுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது, எனக்கு ஹாஸ்டல் தெரியும். செல்போன் தருகிறது என்பதற்காகத் தசமப் புள்ளிக்குப் பிறகு பத்து இலக்கம் போடாதீர்கள். ஆறாவது இலக்கமே சுமார் பத்து சென்டிமீட்டர். உங்கள் போனுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது.

முன்னாள் மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து ப்ராஜெக்ட் செய்யாத பேட்ச் நம் கல்லூரியில் அநேகமாகக் கிடையாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சைக்கிளில் போய், பாட்டிலில் தண்ணீர் பிடித்து, லேபில் உட்கார்ந்து அளந்தோம். அந்த ஆய்வேடுகள் நூலகத்தில் இருக்கின்றன. எண்களும் இருக்கின்றன. "கிணறு 7, தோட்டத்துக் கிணறு" என்று போட்டிருக்கும். யார் தோட்டம், எந்தப் பாதையில் போனோம், பாட்டில் எத்தனை நாள் கழித்து லேபுக்கு வந்தது என்பதெல்லாம் எழுதியவரின் தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலைகள் இப்போது இந்த ஹாலில் இருக்கின்றன. பாதி நரைத்திருக்கிறது, பாதி வழுக்கை. தோல் தொழிற்சாலைக் காலத்துத் தண்ணீரை அன்றைக்கே அளந்து வைத்த எண்கள் இவை. அந்தத் தண்ணீரை இனிமேல் யாராலும் திரும்ப அளக்க முடியாது.

எனவே சங்கத்தின் சார்பில் ஒரு பக்கப் படிவம் ஒன்று அச்சடித்திருக்கிறோம். வாசலில் ரிஜிஸ்டர் வைத்திருக்கும் மேஜையில் இருக்கிறது. உங்கள் ஆய்வேட்டின் தலைப்பை எழுதுங்கள். ஞாபகம் இருக்கிற கிணறுகளை ஊர் வாரியாக எழுதுங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டால் "பொங்கலுக்கு முன்", "செமஸ்டர் லீவில்" என்று எழுதினாலும் போதும், ஊகம் என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள். முடிந்தவர்கள் நாளைக் காலை இங்கேயே தங்கி, இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிணற்றடிக்கே போய்க் காட்டிவிட்டு வரலாம். வண்டி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கிணறு மூடிப்போயிருந்தாலும் இடத்தைக் காட்டுங்கள், புள்ளி வைத்துக்கொள்வார்கள். நத்தம் ரோட்டுப் பக்கம் போகிறவர்கள் மட்டும் பட்டை எண் 44 என்று மறக்காமல் போடச் சொல்லுங்கள்.